மயானம் காத்தவன் மனம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தை விடிய விடியக் கண்டு அழுத ஊர்கள் தமிழகத்தில் பலவுண்டு. அரசிழந்து சுடுகாடு காக்கும் மன்னன்முன், பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவன் முழத்துண்டும் காற்பணமும் கேட்கிறான். நாள்தோறும் கேட்டுப் பழகிய கேள்வி. அதனைக் கேட்கும்வரை அவன் மனம் கலங்கவில்லை. அவள் கழுத்துத் தாலி அவன் கண்ணிற் பட்டதும், கிடந்த பிணம் லோகிதாசன் ஆகிவிடுகிறது. காவலன் தந்தையாகி விடுகிறான். பிணத்துக்குப் பெயர் வந்த அந்த நொடியிலேதான் அவலம் பிறக்கிறது.

கதை கண்ட இவ்வுண்மையை இக்கால உளவியலும் கண்டிருக்கிறது. 1989 ஏப்ரல் 19 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலான ஐயோவாவின் பீரங்கி மேடை வெடித்து, மாலுமிகள் 47 பேர் மாண்டனர். உடல்கள் டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானத் தளத்திலுள்ள இராணுவப் பிணவறைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்குத் தாமே முன்வந்து பணிபுரிந்த 54 பேரை ராபர்ட் உர்சானோ என்னும் உளமருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து ஆராய்ந்தனர். 'இவன் என் நண்பனாக இருந்திருக்கக் கூடும்' என்று எண்ணியவர்களிடம் மனவடு நோயின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. அழையாமல் வரும் காட்சிகள், தீய கனவுகள், எதையும் நினைக்க அஞ்சி விலகுதல் ஆகியவை அவ்வறிகுறிகள்.

ஆகவேதான் இப்பணி செய்வோர் முகத்தைப் பாராமல் இருக்கக் கற்றுக்கொள்கின்றனர். பெயரைக் கேளாமல் இருக்கின்றனர். சிதைந்த உடலைத் தாங்கிக்கொண்டவர், சட்டைப் பையிலிருந்து விழும் ஒரு கடிதத்தையோ ஒரு குழந்தையின் புகைப்படத்தையோ கண்டு தளர்ந்துபோவதுண்டு. வெளியிலிருந்து காண்போர் இதனைக் கல்நெஞ்சம் என்பர். அது நெஞ்சம் அணிந்துகொண்ட கையுறை.

அக்கையுறையை இலக்கியமாக்கியவர் கர்ட் வானகட். 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட அவர், 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டு மழையில் எரிந்தபோது ஒரு கசாப்புக் கூடத்தின் நிலவறையில் இருந்து உயிர் தப்பினார். பின்னர், இடிந்த வீடுகளின் நிலவறைகளிலிருந்து பிணங்களை எடுக்கும் வேலை கைதிகளுக்கு இடப்பட்டது. அவ்வனுபவத்திலிருந்து பிறந்த 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவல் வெளிவந்தது 1969-இல்; இடைப்பட்டது 24 ஆண்டு. அந்நூலில் சாவு வரும் இடந்தோறும் ஒரே சிறு தொடர் நூறு முறைக்கு மேல் திரும்ப வருகிறது. அலட்சியம்போல் ஒலிக்கும் அத்தொடர், பிணம் எடுத்த கை கழற்ற மறுக்கும் கையுறையே.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோய்க்குப் பெயரிட்டது 1980-இல். மனித உடல்களின் எச்சங்களைத் திரட்டும் பணியும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என அச்சங்கத்தின் கையேடு வெளிப்படையாக எழுதியது 2013-இல்தான். அதற்கு முன்னரே, 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டிருந்தனர். அவ்வுடல்களை எடுத்துப் புதைத்தவர்களுள் வெளியூர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர் பலர். இறந்தோருக்காகக் கவிதைகள் எழுந்தன. எடுத்தவர்களுக்காக எழுந்தவை எத்தனை?

கவிஞர்களே! இறந்தவனுக்குப் பெயரும் முகமும் மீட்டுத் தருவது கவிதையின் பணி. கையறுநிலை பாடிய மரபு அதனையே செய்தது. பிணம் எடுப்பவனோ அப்பெயரையும் முகத்தையும் மறந்தால்தான் மாலையில் வீடு திரும்பிச் சோறுண்ண முடியும். இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இதனை அறியாமல் அவனிடம் சென்று, 'என்ன கண்டாய், சொல்' என்று கேட்பது அவன் கையுறையைப் பிடுங்குவதாகும். நேர்ந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்தால் நோய் வாராது என்று ஒரு காலத்தில் நம்பினர். அம்முறை நோயைத் தடுக்கவில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உடன் பணிபுரிந்தவரின் துணை, வீட்டாரின் பரிவு, போதிய ஓய்வு, தேவையானபோது மருத்துவம் ஆகியவையே அவனைத் தாங்குவன.

கவிஞன் செய்யத்தக்கது ஒன்றுண்டு, அது காத்திருத்தல். அவனாகப் பேச வரும் நாள் மறுநாளாகவும் இருக்கலாம். வானகட்டுக்குப்போல் 24 ஆண்டு கழித்தும் வரலாம். அன்று கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும். மயான காண்டத்தில் இறுதியில் இறைவன் தோன்றி மகனை எழுப்பித் தருகிறான். மற்ற மயானங்களில் இறந்தவர் எழுவதில்லை. அங்குக் காவல் நின்றவனுக்கு எஞ்சுவது, தன் சொல்லைக் கேட்கும் ஒரு செவியே. அச்செவியாக இவ்வட்டம் அமைவதாக!