படுத்தால்தான் பணமா?



மனச்சோர்வுக்கு வைத்தியம் எப்படி நடக்கிறது? மருத்துவர் எதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்புகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி வருகிறார்கள். நடுவில் மனநல ஆலோசகரிடமும் போக வேண்டியிருக்கும். இது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கும் தேவையே வராது.

நம் மருத்துவக் காப்பீடோ, பெரும்பாலும் 24 மணி நேரமாவது உள்நோயாளியாகப் படுத்தால்தான் பணம் தரும். புறநோயாளிச் செலவை ஏற்கும் பாலிசிகள் குறைவு. இருந்தாலும் அதற்குத் தனி பிரீமியம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, வேலைக்கும் போய், நோயை முற்றவிடாமல் பார்த்துக்கொள்பவர் கைக்காசைத்தான் செலவழிக்கிறார். இது பெரிய அநியாயம்.

சட்டம் இல்லாமலா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. 2018 மே மாதமே அது அமலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகும், பாலிசியில் மனநோய் சேராது என்று ஒரு பெண்ணின் சிகிச்சைச் செலவை ஒரு காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. அது செல்லாது என்று 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாப் பாலிசிகளும் சட்டப்படி மாற வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. ஆனால் 'அதே அடிப்படை' என்றால், படுக்கை விதியும் அதேதானே! அங்கேதான் சட்டம் வழுக்குகிறது.

இன்னொன்று, விண்ணப்பப் படிவம். ஏற்கெனவே என்ன நோய்க்குச் சிகிச்சை பெற்றீர்கள் என்று கேட்பார்கள். "அதெல்லாம் எழுதாதீங்க சார், பாலிசி கிடைக்காது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். கேட்காதீர்கள். எழுதினால் மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம், பிரீமியமும் கூடலாம். மறைத்தால், பின்னால் அதையே காரணம் காட்டி மொத்தமாகக் கைவிரிக்க முடியும்.

பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்திடம் முறையிட்டு 30 நாளில் தீர்வு இல்லையென்றால், சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும். காப்பீடே இல்லாதவர்களும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். தயங்காதீர்கள், கூப்பிடுங்கள்.