தரகுக்கு வந்த துப்பாக்கி



இல்லறத்தார்க்குரிய விரதங்கள் என்றவுடன் கொல்லாமையும் பொய்யாமையும் கள்ளாமையும் நினைவுக்கு வருகின்றன. அநர்த்த தண்ட விரதம் அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. பயனின்றிப் பாவத்தை ஈட்டித் தரும் செயல்களினின்று விலகி நிற்றல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அதனை மூன்று குணவிரதங்களுள் ஒன்றாக வைத்து, விலக்க வேண்டியவற்றை ஐந்தாகப் பகுத்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று ஹிம்சாதானம். கோடரி, வாள், நெருப்பு, படைக்கலம், சங்கிலி முதலிய கொலைக்கும் வதைக்கும் உரிய கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தலே ஹிம்சாதானம் ஆகும். தமிழில் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை எடுத்துரைக்கின்றது.

இவ்விரதம் இன்றைய வாழ்வில் எங்கே வந்து நிற்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

செட்டிநாட்டில் ஆத்தங்குடி என்றோர் ஊர். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி வார்க்கும் தரைக்கற்களாலும், நகரத்தார் எழுப்பிய பெரிய இல்லங்களாலும் பெயர் பெற்றது. சமணர் ஊர் அன்று. ஆயினும் சமணர் படுக்கைகளும் ஓவியங்களும் விளங்கும் சித்தன்னவாசல் அண்டை மாவட்டத்திலேயே உள்ளது. அவ்வூரில் பங்காளிகள் பலர் சேர்ந்து உடைமைகளைப் பிரிக்கும் ஒரு பழைய இல்லத்திற்கு, மரச்சாமான்களை விலைபேசச் சமண வணிகர் ஒருவர் செல்கின்றார் எனக் கொள்வோம். தூண்கள், பெட்டிகள், பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. இறுதியில் பெட்டக அறையிலிருந்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வெளியே வருகின்றது. காலமான கணவரின் பெயரில் உரிமம் இருந்தது. “இதையும் விற்றுக் கொடுங்கள், உரிய தரகை எடுத்துக்கொள்ளுங்கள்” என்கின்றார் வீட்டு ஆச்சி.

அவ்வணிகர் என்ன விடை கூற வேண்டும்?

முதலில் சட்டத்தின் விடையைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, உரிமம் இல்லாத ஒருவர் அத்துப்பாக்கியைத் தரகுக்காகக் கையில் வாங்கிச் செல்வதே குற்றம். உரிமதாரர் இறந்தபின் அதனை வீட்டில் வைத்திருப்பதும் முறையன்று. துப்பாக்கியையும் எஞ்சிய தோட்டாக்களையும் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆம் பிரிவு. தேர்தல் காலங்களில் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைத்து இரசீது பெறுவதைப் பலரும் அறிவர்.

ஒப்படைத்தவுடன் உடைமை போய்விடுவதில்லை. ஒப்படைத்தவரோ, அவர் இறந்திருப்பின் அவருடைய சட்டப்படியான வாரிசோ, குறித்த காலத்திற்குள் தாமே உரிமம் பெற்று அதனைத் திரும்பப் பெறலாம். அல்லது, உரிமம் உடைய வேறொருவர்க்கு விற்கும்படி ஒப்புதல் அளித்து, விற்ற தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். கடைக்காரர் தம் பொருளாக வாங்காமல், உடையவர்க்காக வைத்திருந்து விற்றுத் தரும் வழக்கத்திற்கு இதுவே அடிப்படை. இரண்டும் செய்யாது காலம் கடந்தால், காரணம் கேட்டு அறிவிப்புக் கொடுத்தபின், மாவட்ட ஆட்சித்தலைவர் ஆணையால் அது அரசுடைமை ஆகும். உரிமதாரர் உயிருடன் இருந்து, தம் துப்பாக்கியைத் தாமே விற்க விரும்பினால், வாங்குவோர் பெயரையும் முகவரியையும் எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. வழிவழியாக வந்தவற்றிற்கும் அவ்வரம்பு பொருந்தும்.

ஆகவே சட்டம் காட்டும் வழி தெளிவானது. இனி அறத்தின் விடையைப் பார்ப்போம்.

“வாங்குபவர் வங்கிக் காவலராக இருக்கலாம்; அரசே உரிமம் கொடுத்த ஒருவர்க்கு விற்பதில் பாவம் ஏது?” என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஹிம்சையை நான்காகப் பகுத்த ஆன்றோர், இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டியது மனமறிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சையே என்றனர். இல்லப் பணியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் ஹிம்சை அவனால் முழுதும் தவிர்க்க இயலாதது. காவற்பணி செய்வோரை ஆருகதம் இகழவில்லை.

ஆனால் தரகின் தன்மையை உற்றுநோக்க வேண்டும். பொருள் விற்றால்தான் தரகு கிடைக்கும். ஆகவே, துப்பாக்கி விரைவில் விலைபோக வேண்டும், நல்ல விலைக்குப் போக வேண்டும், அதனை விரும்புவோர் பலர் வர வேண்டும் என்னும் எண்ணம் தரகர் உள்ளத்தில் நாள்தோறும் எழும். வினை ஒட்டுவது கையில் மட்டுமன்று; பாவத்திலும், அதாவது உள்ளக் கருத்திலும் ஒட்டுகின்றது. தற்காப்பு வாங்குபவருடைய தேவை. தரகருக்கு அங்கே தற்காப்பு ஏதுமில்லை, ஊதியம் மட்டுமே உண்டு. அந்த ஊதியம் இல்லாமலும் அவர் குடும்பம் வாழும். பயனற்ற பாவம் என்று ஆசாரியர் சுட்டியது இதனையே.

இதே சிவகங்கைச் சீமையில், 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்சீமை மக்கள் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. அது வென்றவர் அச்சத்தால் பறித்தது. பறிக்கப்பட்டவன் விரதி ஆகான். யாரும் கேளாதிருக்கும்போது தானே விடுபவனே விரதி.

எனவே அவ்வணிகர் கூறத்தக்க விடை இது: “ஆச்சி, இதற்கு நான் தரகு பேசுவதற்கில்லை. இது வீட்டில் இருப்பதும் நல்லதன்று. விடுமுறைக்கு வரும் குழந்தைகள் கையில் படலாம். உரிமப் புத்தகத்துடன் காவல் நிலையத்திற்குச் சொல்லி அனுப்புங்கள், இரசீது வாங்குங்கள். பிறகு விற்பதா, அரசிடம் விடுவதா என்பதைப் பங்காளிகள் கூடி முடிவு செய்யுங்கள்.” அவ்விரதம் ஏலாத குடும்பத்தார்மேல் அவர் தம் விரதத்தைச் சுமத்தவில்லை, வழி தெரியாமலும் விட்டுவிடவில்லை.

அதே துப்பாக்கி ஒரு சமண இல்லத்திலேயே இருந்தால்? விற்ற பணத்தில் மகளின் கல்விக் கட்டணம் கட்டலாம் என்னும் நிலையும் இருக்கக்கூடும். அது சிறிய இழப்பன்று. ஆயினும் ஒப்படைத்து, விலை கோராது, அரசுடைமை ஆகும்படி விட்டுவிடுதலே அநர்த்த தண்ட விரதத்திற்கு ஒத்தது. அவ்விழப்பைக் குடும்பத்தார் பகிர்ந்து கொள்வதும், உறவினர் அக்கட்டணத்திற்குத் துணை நிற்பதும் சமூகத்தின் கடமை. விரதம் ஒருவருடையது, அதன் சுமை ஒருவர்மேல் மட்டும் விழலாகாது.

துப்பாக்கி எல்லா இல்லங்களிலும் இருப்பதில்லை. அண்டை வீட்டார்க்கு இரவல் கொடுக்கும் எலிப்பொறியும், மிஞ்சியதென்று எடுத்துக் கொடுக்கும் பூச்சி மருந்தும் பல இல்லங்களில் உண்டு. இந்நன்னாளில் அவரவர் தம் அலமாரியைத் திறந்து, ஹிம்சாதானமாகக் கைமாறக் காத்திருப்பது எது என்று ஒருமுறை பார்ப்பாராக. எல்லா உயிரும் நலமுறுக.