பதிப்பும் மறுபதிப்பும்: தங்கவயல் தரும் பாடம்



பழைய புத்தகங்களைச் சேர்ப்போரைக் கண்டு நகைப்பவர் பலர். ஒரே புத்தகத்தின் நான்கு பிரதிகளை ஒருவர் வாங்கி அடுக்கினால், அந்நகைப்பு இன்னும் மிகும். ஆயினும் அந்த நான்கும் உண்மையில் ஒரே புத்தகந்தானா என்று கேட்கத் தொடங்கினால், நகைப்பு அடங்கிவிடும்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 'ஜாப் காமிக்ஸ்' என்னும் சித்திரக்கதைப் புத்தகம் வெளிவந்தது. அதனை வரைந்தவர் ராபர்ட் கிரம்ப். பெரிய வெளியீட்டாளர்களின் கட்டுப்பாட்டுக்கு உட்படாமல் சிறு அச்சகங்களில் உருவாகித் தெருக்களிலும் சிறு கடைகளிலும் விற்கப்பட்ட இத்தகைய வெளியீடுகளை அந்நாட்டினர் நிலத்தடிச் சித்திரக்கதைகள் என்றனர். ஜாப் முதல் இதழின் முதல் அச்சில், சார்லஸ் பிளைமெல் அச்சிட்டது என்னும் குறிப்பு பின்னட்டையில் உண்டு. பின்னர் வந்த அச்சுகளில் அக்குறிப்பு இல்லை. படங்கள் ஒன்றே, கதைகள் ஒன்றே. எனினும் அவ்வொரு வரிக்காகவே பெரும்பொருள் கொடுப்போர் இருக்கின்றனர். நம் தமிழிலும் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாகிய 'இரும்புக்கை மாயாவி'யைத் தேடி அலைவோர் உளர். அக்கதை பின்னாளில் மீண்டும் அச்சேறியமையால், கையிலிருப்பது எது என்று துணிவதே அவர்களுக்கு ஒரு கலையாகிவிட்டது.

நிற்க. நிலத்தடி என்னும் சொல்லை உவமையாகவன்றி வாழ்க்கையாகவே அறிந்த ஓர் ஊர் உண்டு. கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ் என்பதே அது. அங்குள்ள சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அதில் இறங்கி உழைத்தவர்களுள் மிகப் பலர் தமிழர். அவர்கள் மேலே வந்தபின் யாது செய்தனர் என்பதைப் பலர் அறியார். அவர்களுள் ஒரு சாரார் படித்தனர், சங்கம் கண்டனர், நூல்களை அச்சிட்டனர்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயரிற் கொண்ட அவ்விதழ், அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறிற்று. அவரது பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலிலும் கிளைகள் அமைந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தார். இதழும் சிறிது காலத்தில் நின்றது. 1926ஆம் ஆண்டில் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் 'தமிழன்' தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் சிறு நூல்கள் பலவற்றைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பிற்று. பெரிய நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அந்நாளில் பெரிதும் பொருட்படுத்தாத இந்நூல்களைத் தொழிலாளர் குடும்பங்களே தம் பெட்டிகளிற் காத்துவந்தன.

இங்கே நாம் செய்த பிழையொன்றைக் கூற வேண்டும். நாம் நடுவண் அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். பல ஆண்டுகளுக்கு முன்னர், மேலட்டை இழந்த சிறு நூலொன்று நமக்குக் கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் விலை நயா பைசாவில் இருந்தது. அது கொண்டு அந்நூல் 1957ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டோர் எழுதியது என்று துணிந்து, கட்டுரையொன்றில் அவ்வாறே எழுதியும் விட்டோம். பின்னர் சாம்பியன் ரீப்ஸில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டபோது, அவர் தம் தகரப் பெட்டியிலிருந்து அதே நூலின் மற்றொரு பிரதியை எடுத்து, "விலையைப் பாருங்கள், தம்பி" என்றார். அதில் விலை அணாவில் இருந்தது. தாளும் வேறு, எழுத்தும் வேறு. நாம் மறுபதிப்பின் வயதை நூலின் வயதாகக் கொண்டிருந்தோம். அதனால், ஒரு தலைமுறை முன்னரே பேசப்பட்ட கருத்தைப் பிந்தியோர் கருத்தாக்கிவிட்டோம்.

அன்றுமுதல் நாம் கைக்கொண்டுவரும் சில அடையாளங்களைக் கூறுவோம்.

முதலாவது, விலை. தசம நாணய முறை 1957 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 'நயா' என்னும் அடைமொழி 1964 ஜூன் முதல் நாள் நீக்கப்பட்டது. ஆகவே நயா பைசா விலையுள்ள பிரதி பெரும்பாலும் இவ்வேழாண்டுகளுக்குள் அச்சானதாகும். விலைமேல் ஒட்டிய சீட்டு இருப்பின், அதன் அடியிலும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, முகவரி. மைசூர் மாநிலம் 1973 நவம்பரில் கர்நாடகம் எனப் பெயர் மாறிற்று. ஆறு இலக்க அஞ்சல் எண் 1972 ஆகஸ்டில் வந்தது. இவை காணப்படும் பிரதி அதற்கு முந்தியதாகாது.

மூன்றாவது, ஆண்டு. பிரபவ முதலான பெயர் மட்டும் இருந்தால் போதாது. அறுபது ஆண்டுகளில் அது திரும்பி வரும். 1927இல் பிறந்த பிரபவ 1987இலும் பிறந்தது.

நான்காவது, எழுத்துவடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற சீர்திருத்த எழுத்துகள் இருந்தால், அது பிற்கால அச்சு என ஐயுறலாம். ஆயின் பெரியாரின் 'குடி அரசு' 1935ஆம் ஆண்டிலேயே அவற்றைக் கையாண்டது. பழைய அச்செழுத்துகளை நெடுநாள் கைவிடாத அச்சகங்களும் இருந்தன. எனவே இச்சான்று தனித்து நில்லாது.

ஐந்தாவதும் முக்கியமானதும் வரியின் முடிவு. ஜாப் காமிக்ஸ் ஆப்செட் முறையில் அச்சானது. தகட்டில் உள்ளபடியே பக்கம் வரும். நம் சிறு அச்சகங்களிலோ எழுத்துகள் கையாற் கோக்கப்பட்டன. அச்செழுத்துகள் போதாமையால், அச்சிட்டு முடிந்தவுடன் பக்கத்தைக் கலைத்து எழுத்துகளை அறைகளிற் போட்டுவிடுவர். அடுத்த முறை அச்சிடுகையில் முதலிலிருந்து கோக்க வேண்டும். இரு பிரதிகளில் வரிகள் வெவ்வேறு இடங்களில் முடியுமாயின், நூல் புதிதாகக் கோக்கப்பட்டது என்று பொருள். அங்கே ஒரு சொல் விடுபட்டிருக்கலாம். ஒரு சொல் திருத்தப்பட்டும் இருக்கலாம். 'இரண்டாம் பதிப்பு' என்று அட்டையில் இல்லாவிடினும், வரிகள் உண்மையைச் சொல்லிவிடும்.

முதற்பதிப்பே உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை என்னும் எண்ணம் சேர்ப்போரிடையே உண்டு. ஆசிரியர் சொல்லை அறிய முதற்பதிப்பு இன்றியமையாததே. ஆயின் தங்கவயல் நூல்களைப் பொறுத்தமட்டில் மறுபதிப்புக்கும் தனிச் சிறப்புண்டு. கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்குவோர் இருந்தமையாலன்றோ அந்நூல் மீண்டும் கோக்கப்பட்டது? ஒவ்வொரு மறுபதிப்பும், அந்நாளில் அதனை வேண்டிய வாசகர் இருந்தனர் என்பதற்குச் சான்றாகும். அவ்வாசகர்களைப் பற்றிய வேறு பதிவுகள் மிகச் சிலவே.

பண்டிதரின் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பெருநூல்களாக வெளிவந்தமையால் இன்று எவரும் படிக்கலாம். எழுத்து காக்கப்பட்டது, பிரதிகள் இன்னும் காக்கப்படவில்லை. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. குடும்பங்கள் பிழைப்புத் தேடி இடம்பெயர்கின்றன. வீடு மாறும்போது தகரப் பெட்டியிலுள்ள பழந்தாள்களே முதலில் எடைக்குப் போகின்றன.

ஆதலின் உங்கள் இல்லத்தில் இத்தகைய சிறு நூல் இருக்குமாயின், கிழிந்த அட்டையை எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டம் கட்டிவிடாதீர்கள். பின்னட்டை விளம்பரமும் விலையும் இருந்தபடியே இருக்கட்டும். யாரிடமிருந்து, எவ்வாண்டில், எவ்வூரில் வாங்கியது என்பதை ஒரு தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நமக்குத் தம் பிரதியைக் காட்டிய அந்தப் பெரியவர் அவ்வாறுதான் செய்திருந்தார். தம் தந்தையார் அதனை வாங்கிய நாளை ஒரு சம்பளச் சீட்டின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்தார். அந்தத் துண்டுச் சீட்டைக் கொண்டே நாம் நம் கட்டுரையைத் திருத்தினோம்.