காரணமின்றி அலறும் கார்

நெடுங்கேணியில் நடுச்சாமத்தில் ஒரு காரின் அலாரம் அலறினால் ஒழுங்கை முழுவதும் எழும்பிவிடும். குழந்தைகள் வீரிட்டு அழும். போர்ச்சத்தம் கேட்டு வாழ்ந்த மண் இது; வயதானவர்களின் நெஞ்சு இன்றும் திடுக்கிடும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

அலாரம் காரணமின்றி அலறினால், முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் அதன் ஓரத்தில் ரப்பர் தொப்பி போட்ட சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். சிலவற்றில் அது பூட்டோடு சேர்ந்திருக்கும். கிரவல் வீதிப் புழுதியும் மாரிமழை ஈரமும் அதில் படிந்தால், மூடிய பொனற்றைத் திறந்திருப்பதாக அலாரம் எடுத்துக்கொள்ளும். துடைத்துத் துருவை நீக்கினால் பல வேளை அதோடு சரி.

அடுத்தது பற்றரி. ஓய்வில் நிற்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். அது 12க்குக் கீழே இறங்கினால் அலாரம் தடுமாறும். முனைகளில் பூத்திருப்பதைச் சுரண்டி, நன்றாக இறுக்குங்கள்.

உழவு இயந்திரம் கடந்து போனாலே அலறுகிறதா? கடையில் பூட்டிய அலாரம் என்றால், அதிர்வை உணரும் பெட்டியில் சிறிய திருகு இருக்கும். அதைத் திருப்பி உணர்திறனைச் சற்றுக் குறைத்துவிடுங்கள்.

கோபத்தில் வயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இன்றைக்கே, வெயில் ஏறுமுன், அந்தப் பொனற் சுவிட்சைத் துடைத்துப் பாருங்கள்.