பணம் வந்தது, யார் கைக்குப் போனது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் குழுவினருக்கும் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



யுத்தத்துக்குப் பிறகு வடக்கைக் கட்டியெழுப்ப யார் திட்டம் போட்டார்கள், பணம் எங்கிருந்து வந்தது, அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. வடக்குக் கதை தோட்டத்துக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கிளிநொச்சியிலோ, வவுனியாவிலோ, முல்லைத்தீவிலோ சொந்தக்காரர் இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா, பாதிப் பேருக்கு மேல் கை உயர்ந்திருக்கிறது. இது நம் குடும்பக் கதை.

எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977இலும் 1983இலும் லயங்களுக்குத் தீ வைத்தபோதும் நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். காடு வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தார்கள். யுத்தம் அங்கேயும் அவர்களைத் துரத்தியது. கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

பணக் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சமாதான காலத்தில், 2003 ஜூன் மாதம், டோக்கியோவில் உதவி வழங்கும் நாடுகள் கூடின. நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டொலர் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் பணம் என்றும் சொன்னார்கள். பேச்சோ ஏற்கெனவே நின்று போயிருந்தது. புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005இல், உதவியைப் பங்கிட இரு தரப்பும் சேர்ந்து ஒரு பொதுக் கட்டமைப்பு அமைக்க ஒப்பமிட்டன. சில வாரங்களில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்தி வைத்தது. பணம் இருந்தது. அதை யார் கையாள்வது என்று முடிவாகவில்லை. நடுவில் காத்துக் கிடந்தது சனம்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வடக்குக்கான வேலைகளைத் திட்டமிட ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. ஜனாதிபதியின் சகோதரர் பசில் ராஜபக்ச அதற்குத் தலைவர். வடக்கு மக்கள் தங்கள் மாகாண சபைக்கு வாக்குப் போட முடிந்தது 2013 செப்டெம்பரில். அதற்குள் பெரிய திட்டங்கள் எல்லாம் கொழும்பில் தீர்மானமாகிவிட்டன.

பாதைதான் முதலில் வந்தது. ஏ-9 பாதையைச் சீனக் கடனில் போட்டார்கள். ரயில் பாதையை இந்தியக் கடனில் போட்டார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. பாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடன் என்றால் அதைக் கட்ட வேண்டியது நாடு முழுவதும்தான். நாம் வாங்கும் மாவிலும் சீனியிலும் உள்ள வரியும் அதில் சேர்த்தி. அப்படியானால் எதற்குக் கடன் எடுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

அடுத்தது வீடு. இந்தியா 50,000 வீடுகளுக்குக் கொடை கொடுத்தது. இது கடன் அல்ல. அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. வடக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா. பெரும்பாலானவர்களுக்குக் கொந்தராத்துக்காரர் கையில் கொடுக்காமல், குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டார்கள். அது நல்ல முறை. வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, காணிப் பத்திரம். வீட்டுக்குப் பெயர் பதிய காணி உங்களுடையது என்று காட்ட வேண்டும். வன்னியில் முப்பது வருடம் குடியிருந்தும் பேர்மிட் இல்லாத நம் ஆட்கள் அங்கேதான் தடுமாறினார்கள். யுத்தத்தில் வீடு எல்லாருக்கும் உடைந்தது. உடைந்த வீடு உன்னுடையது என்பதற்கு அத்தாட்சி எல்லாரிடமும் இருக்கவில்லை.

இரண்டு, விலைவாசி. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த தவணை. சீமெந்தும் மணலும் விலை ஏறினால் மீதியை வீட்டுக்காரர் போட வேண்டும். வீட்டில் ஆம்பிளைத் துணை இல்லாத பெண்கள் மேசனுக்கும் கூலி கொடுக்க வேண்டும். நகை அடகுக்குப் போனது. பிறகு நுண்கடன் கம்பனிக்காரர் வாசலுக்கு வந்தார்கள். வீடு எழும்பியது, கூடவே கடனும் எழும்பியது. கூலி வேலையைத் தவிர வேறு வருமானம் இல்லாத குடும்பம் அந்த வாரக் கடனை எதைக் கொண்டு கட்டும்?

தோழர்களே, இப்போது நம் பக்கம் வருவோம். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியும் உறுதியும் தருவோம் என்று அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்கின்றன. நல்ல காரியம், வரட்டும். ஆனால் வன்னியில் நம் சொந்தக்காரர் பட்டதை நாம் மறுபடியும் படக்கூடாது. ஆகவே உங்கள் தோட்டத்துக்கு எந்தத் திட்டம் வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள்.

திட்டம் போடும் கூட்டத்தில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா? உறுதி எப்போது கையில் வரும், அதில் மனைவியின் பெயரும் இருக்கிறதா? ஒதுக்கிய தொகை இன்றைய சீமெந்து விலைக்குப் போதுமா, போதாவிட்டால் மீதி யார் தலையில்? வீடு கட்டிய பிறகு அந்தக் குடும்பத்துக்கு வருமானம் எது?

இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி அத்திவாரம் வெட்ட வேண்டாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் சரியா, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே நம் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். வன்னியில் இருக்கும் சொந்தக்காரருக்கும் ஒரு கோல் எடுத்து, காணிப் பத்திரம் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அவர்களுக்காகவும் நாம் குரல் கொடுக்க வேண்டும். தோட்டத்தை விட்டுப் போனாலும் அவர்கள் நம்மவர்கள்தான்.