ஊற்றும் செறிப்பும்: பக்கவாதத் தடுப்பில் ஓர் ஆய்வாளரின் பணி

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நம் அறநூல்கள் கூறும் ஏழு தத்துவங்களுள் ஊற்று, செறிப்பு என இரண்டு உண்டு. வினை உயிரிடம் வந்து சேர்வது ஊற்று. அவ்வரவைத் தடுப்பது செறிப்பு. பக்கவாதத்தைப் பற்றிய மருத்துவ ஆராய்ச்சியும் இந்த வழியிலேயே சென்றிருக்கிறது. நோய் வந்தபின் நீக்குவது அரிது. அது வரும் வாயில்களை அறிந்து அடைப்பது எளிது.

அவ்வாயில்களை எண்ணிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சலீம் யூசுப். 1952இல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். 1992 முதல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். சிலரைப் பார்த்து முடிவு கூறலாகாது, பல்லாயிரவரை ஆராய்ந்தே கூற வேண்டும் என்பது அவருடைய நெறி.

2000ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹோப்' ஆய்வில், இரத்தநாள நோயோ நீரிழிவோ உடைய 9,297 பேர் பங்குகொண்டனர். ராமிபிரில் என்னும் மாத்திரையை உட்கொண்டவர்களிடம் பக்கவாதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் அயர்லாந்து மருத்துவர் மார்ட்டின் ஓ'டானலுடன் அவர் நடத்திய 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, 2016இல் 32 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 27,000 பேரின் விவரங்களை வெளியிட்டது. அவர்களுள் பாதிப்பேர் நோயுற்றவர்; மறுபாதி நோயற்றவர். உயர் இரத்த அழுத்தம், புகை, மது, நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, இதயநோய், தகாத உணவு, இடைப்பருமன், உடலுழைப்பின்மை, மனஅழுத்தம் ஆகிய பத்துமே பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணமென அது காட்டிற்று. இரத்த அழுத்தத்தின் பங்கு மட்டும் ஏறத்தாழப் பாதி.

இவற்றுள் மதுவை நம் அறம் முன்பே விலக்கிவிட்டது. உப்போ நம் இல்லங்களில் அப்பளமாகவும் ஊறுகாயாகவும் வற்றலாகவும் நுழைந்துவிடுகிறது. 2021இல் வெளியான சீன ஆய்வொன்றில், 600 சிற்றூர்களில் 20,995 பேரிடம் சோதனை நடந்தது. சமையல் உப்பில் கால் பங்குக்குப் பொட்டாசியம் குளோரைடு கலந்து பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது. உப்பை எவ்வளவு குறைப்பது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிகக் குறைப்பதும் நன்றன்று என்பது யூசுப் குழுவினரின் கருத்து. ஆயினும் இரத்த அழுத்தம் உடையோர்க்கு மிகையான உப்பு தீங்கு என்பதில் ஐயமில்லை. ரசபரித்தியாகம் என்னும் புறத்தவத்தில் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு ஆகியவற்றோடு உப்பையும் சேர்த்த நம் முன்னோரை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இனி, நான் இன்று வலியுறுத்த விரும்புவது ஒன்று. தசலட்சண நோன்பு நாட்களில் உணவோடு இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். இது தவமாகாது. மாத்திரை நின்றால் அழுத்தம் மீண்டும் ஏறும். தலைவலியோ வேறு அறிகுறியோ இன்றியே ஏறும். ஆற்றலுக்கேற்ற தவமே பதினாறு பாவனைகளுள் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. ஆகவே நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, சூரிய மறைவுக்கு முன் உண்ணும் ஒருவேளை உணவோடு மருந்தை மாற்றியமைக்க இயலுமா எனக் கேளுங்கள். முழு உபவாசம் கூடாதெனில் குறைத்து உண்ணும் அவமோதரியத்தை மேற்கொள்ளுங்கள், அதுவும் தவமே. இன்னா செய்யாமை பிறவுயிர்க்கு மட்டுமன்று, தம்முயிர்க்கும் உரியது.

முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும். சற்றுப் படுத்தால் சரியாகும் என்று காத்திருத்தல் வேண்டா.

இவ்விழாவின் நினைவாக, இல்லத்திலுள்ள பெரியோர் ஒவ்வொருவருக்கும் இவ்வாரமே இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுவோம் என உறுதி கொள்வோமாக.

அறம் வளர்க! அனைத்துயிரும் நலம் பெறுக!