கூட்டு வியாபாரமும் இணைய அங்காடியும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஆலத்தூர் நாடும் ஒன்று. மலையில் விளையும் மிளகும் காப்பிக்கொட்டையும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வருகின்றன. அவற்றை வாங்கி விற்பதில் நம் ஜமாஅத்தார் சிலரும் ஈடுபட்டுள்ளனர். முற்காலத்தில் இருவர் கூட்டாக வியாபாரம் செய்தால் கடை ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று. சாவி இருவரிடமும் இருக்கும். இன்று கடையே கைப்பேசிக்குள் சென்றுவிட்டது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மைத்துனர் இருவர், ஆலத்தூர் நாட்டு மிளகை வாங்கித் தூய்மை செய்து, பொட்டலமிட்டு, இணைய அங்காடி ஒன்றின் வழியாக விற்று வந்தனர். ஒருவர் முதல் போட்டார். மற்றவர் மலையேறிக் கொள்முதல் செய்தார். விற்பனையாளர் கணக்கும் வங்கிக் கணக்கும் முதல் போட்டவர் பெயரில் இருந்தன. மூன்றாண்டுகளுக்குப் பின் மனத்தாங்கல் ஏற்பட்டுப் பிரிந்தனர். சரக்கைப் பங்கிட முடிந்தது; தராசையும் பொட்டல இயந்திரத்தையும் விலை போட்டுப் பங்கிட முடிந்தது. மூன்றாண்டு உழைப்பில் சேர்ந்த நற்பெயரையும், வாடிக்கையாளர் அளித்த நட்சத்திர மதிப்பீடுகளையும் தாங்கி நின்ற அந்தக் கணக்கை மட்டும் பங்கிட இயலவில்லை. கடைசியாக விற்ற சரக்கின் பணமும் ஒருவர் வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்ந்தது.

அந்நாட்களில் ஒரு மாலை, அஸர் தொழுகை முடித்து நாம் வெளியே வந்தபோது, மலையிலிருந்து ஒரு விவசாயி பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் கடனுக்குக் கொடுத்த மிளகிற்குப் பணம் வரவில்லை. "யார் கணக்கில் பணம் விழுந்ததோ எனக்குத் தெரியாது ஐயா. நான் மிளகு கொடுத்தது இரண்டு பேருக்கும்தானே?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

இதில் நம் தவறும் உண்டு என்பதை இச்சபையில் மறைக்க விரும்பவில்லை. வியாபாரம் தொடங்கும் நாளில் துஆ செய்ய நம்மை அழைத்தனர். "ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா?" என்று அவர்களுள் ஒருவர் கேட்டபோது, "உறவுக்காரருக்குள் எழுத்து எதற்கு?" என்று கூறிவிட்டோம். கடன் கொடுக்கல் வாங்கலைச் சிறிதாயினும் பெரிதாயினும் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் ஏவுகிறது. அதை மாணவர்களுக்குப் பலமுறை ஓதிக்கொடுத்த நாமே அன்று மறந்தோம். எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் அன்று. உறவைக் காக்கும் வேலி.

எனவே, கூட்டு வியாபாரம் செய்வோர் 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வது நலம். பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளி, நிறுவனத்தைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் வழக்கிடலாமே தவிர, ஒப்பந்தத்தில் உள்ள மற்ற உரிமைகளுக்காகத் தன் கூட்டாளி மீது வழக்குத் தொடர இயலாது. நிறுவனத்தின் பெயரிலேயே பான் எண், ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு, விற்பனையாளர் கணக்கு ஆகிய அனைத்தும் இருக்கட்டும். பிரிய நேர்ந்தால் அக்கணக்கை யார் வைத்துக்கொள்வது, மற்றவருக்கு என்ன ஈடு கொடுப்பது என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அடுத்து, இணைய அங்காடியின் நிலையை அறிந்துகொள்ளுங்கள். முளாரபா முறையில் ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் பேசிய விகிதப்படி இருவருக்கும் உரியது. இயல்பாக நட்டம் வந்தால் ஒருவர் முதலை இழக்கிறார், மற்றவர் உழைப்பை இழக்கிறார். இணைய அங்காடியோ கமிஷனைப் பெறுகிறது; நமக்கு வரும் நட்டத்தில் பங்கேற்பதில்லை. அது கூட்டாளி அன்று, கூலி பெறும் இடைத்தரகர். ஆகவே கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கு ஆகிய அனைத்தையும் கழித்த பின்னரே இலாபம் என்று எண்ணுங்கள்.

இடைத்தரகரை ஒழுங்குபடுத்த நம் வட்டாரத்திலேயே முன்மாதிரி உண்டு. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்வதை அறிவீர்கள். விலையை வியாபாரிகளே முடிவு செய்த நிலையை மாற்ற, ஆலைக்காரர்கள் கூடி 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மீது முன்பணம் பெற்று, ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்கிறார்கள். அந்தச் சந்தையின் உரிமை உறுப்பினருடையது. இணையத்திலும், 2021 டிசம்பரில் நிறுவப்பட்ட ஓஎன்டிசி அமைப்பின் வழியே, ஒரு செயலியில் சேர்ந்த விற்பனையாளரின் பொருளை வேறொரு செயலியில் இருப்பவரும் வாங்க முடிகிறது. ஒரே அங்காடியை நம்பி முழு வியாபாரத்தையும் ஒப்படைக்காதீர்கள். நேரடி வாடிக்கையாளரையும் உள்ளூர்க் கடையையும் கைவிடாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, விளைவித்தவரின் ஹக்கை முதலில் கொடுங்கள். அங்காடி நமக்குப் பணம் தரத் தாமதிப்பது அவருடைய குற்றம் அன்று. அந்த மைத்துனர் விவகாரத்தில் நிர்வாகக் குழு, பங்குப் பேச்சைத் தொடங்கும் முன் அவருடைய பாக்கியைக் கொடுக்கச் செய்தது. கணக்கை வைத்துக்கொண்டவர் மற்றவருக்குத் தவணையில் ஈடு கொடுத்து வருகிறார். இருவரும் இப்போது ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றனர். சேர்ந்து வியாபாரம் செய்யும் மனம் இன்னும் வரவில்லை. ஒரு தாளில் பத்து வரி எழுதியிருந்தால் அந்த மனமும் முறியாமல் இருந்திருக்கும்.

இனி கூட்டு வியாபாரத்திற்குத் துஆ செய்ய நம்மை அழைப்போர், எழுதிய ஒப்பந்தத்தையும் கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.